குளிரூட்டும் முன் கொஞ்சம் சூடு

கூரை ஏறுகிற தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். வாழ்த்தெல்லாம் மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். என் பங்குக்கு நான் சொல்வது, கழுத்தை மூடுகிற மாதிரி ஒரு துணி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுக்கிற ஹெல்மெட் தலையில் ஏதும் விழாமல் காப்பாற்றும். பிடரியில் அடிக்கிற ஜோகூர் வெயிலுக்கு அது பொறுப்பேற்காது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என் பிடரி இன்னும் வேலைக்குப் போகிற மாதிரிதான் கறுத்துக் கிடக்கிறது.

என் பெயர் கோமதி. கடைகள், தொழிற்சாலைகளின் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் பெரிய ஏர்கோன் யூனிட்டுகளை முதன்முதலாக ஓடவிடுவதுதான் என் வேலையாக இருந்தது. கிரேன்காரர் தூக்கி வைப்பார், குழாய்க்காரர்கள் இணைப்பார்கள், வயர்மேன் கரண்ட் கொடுப்பார், எல்லாம் முடிந்த பிறகு நான் வருவேன். கடைசியில் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போகிறவள் என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். ஏதாவது உடைந்தால் அந்தப் பெயரும் எனக்குத்தான் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

நான் ஏணியோடு போய் நின்றால் வாடிக்கையாளர்கள், "மெக்கானிக் எப்ப வருவாரு?" என்பார்கள். "வந்தாச்சி" என்பேன். உடனே எனக்குப் பின்னால் நிற்கும் அஸ்மானைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அஸ்மான் என்னோடு நெடுநாள் வேலை செய்த மலாய்க்காரத் தம்பி. கோத்தா திங்கி பக்கத்து எஸ்டேட்டில் நம் பிள்ளைகளோடு வளர்ந்தவன், தமிழ் சரளமாகப் பேசுவான். கும்பிடை மரியாதையாக வாங்கிக்கொண்டு, "மெக்கானிக் அக்காதாங்க. நான் அவங்க பையத் தூக்கறவன்" என்பான். அப்போது அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்ப்பதற்காகவே நான் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

தங்காக் ஊரில் ஒரு துணிக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன். மெஷினைப் பற்றி நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளலாம். மெஷினைச் சுற்றி நிற்கிற மனிதர்களைப் பற்றி எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது.

கடை முதலாளி பெயர் தங்கராஜு. சின்னதாக ஒரு கடை வைத்திருந்தவர், பக்கத்துக் கடையையும் எடுத்து, சுவரை இடித்து ஒன்றாக்கி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, பேங்கில் கடனும் வாங்கியிருந்தார். தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில் ஓடுகிற வியாபாரத்தை வைத்துத்தான் அவர் வருடத்தை ஓட்ட வேண்டும். புதுக்கடையில் ஜன்னல் கிடையாது, சீலிங் ஃபேனும் கிடையாது. கூரைமேல் இருந்த நம் யூனிட் ஒன்றை நம்பித்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டி நின்றது. அது ஓடவில்லை என்றால் பட்டுச்சேலை பார்க்க வருகிறவர்கள் மூச்சுத்திணறிப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே விளக்கியாக வேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் காஸை அமுக்குகிற மெஷின். யூனிட் சும்மா நிற்கும்போது காஸ் உள்ளே குளிர்ந்து திரவமாகி, கம்ப்ரஸரின் அடிவயிற்றில் இருக்கும் எண்ணெயோடு கலந்து உட்கார்ந்துகொள்ளும். காஸை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. தண்ணீர் நிரம்பி மூடி போட்ட பாட்டிலைக் கையால் நசுக்கிப் பாருங்கள், புரியும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் உள்ளே ஏதாவது உடையும். அதனால்தான் வயிற்றைச் சுற்றி ஒரு சின்ன ஹீட்டர் பட்டை கட்டியிருப்பார்கள். முதல் முறை ஓடவிடுவதற்கு முன் ஒரு முழு நாளாவது யூனிட்டுக்குக் கரண்ட் கொடுத்து அந்த ஹீட்டரை எரியவிட வேண்டும். பனி கொட்டுகிற நாடுகளில் இதே மாதிரி யூனிட் கட்டடத்தையே சூடாக்கும். தங்காக்கில் அந்த வசதியை யாராவது கேட்டால் அவருக்குத்தான் காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். ஆனால் இந்தச் சின்ன ஹீட்டர் இல்லாமல் நம் ஊரிலும் வேலை நடக்காது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையிலேயே எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, ஹீட்டருக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு முதலாளியிடம் சொன்னேன்.

"முதலாளி, நாளைக்கு நான் வர்ற வரைக்கும் கரண்ட் இருக்கணும். ராத்திரியிலயும்தான். யாரும் சுவிட்ச்ச அடைச்சிடக் கூடாது."

"கவலையே படாதீங்க" என்று சொல்லிவிட்டு, கடைப் பெண்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்துத் தமிழிலும் மலாயிலும் அறிவித்தார். தேநீர் கொண்டுவந்த பக்கத்துக் கடைக்காரரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். அவர் எதற்கு என்று தெரியாமலேயே தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றிரவு நல்ல மழை. காலையில் கடைக்குப் போனபோது வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உறுமி மேளக்காரர்கள் வந்து பசியாறிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பிரமுகர் ஒருவர், டத்தோ பட்டம் வாங்கியவர், நல்ல நேரத்தில் வந்து ரிப்பனை வெட்டி ஏர்கோன் பொத்தானை அழுத்துவதாக ஏற்பாடு. நானும் அஸ்மானும் கூரைக்கு ஏறினோம். வழக்கம்போல யூனிட்டின் கதவைத் திறந்து, முதலில் கம்ப்ரஸரின் அடிவயிற்றில் கை வைத்தேன்.

சில்லென்று இருந்தது.

"ஹீட்டர் போச்சா அக்கா?" என்றான் அஸ்மான்.

மீட்டர் வைத்துப் பார்த்தோம். ஹீட்டருக்குக் கரண்ட் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஹீட்டர் நன்றாக இருக்கிறது, கரண்டும் இருக்கிறது, வயிறு மட்டும் குளிர்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் இரவு முழுக்கக் கரண்ட் இல்லாமல் இருந்து, சற்று முன்புதான் வந்திருக்க வேண்டும். ஊரில் கரண்ட் போனதா என்று பக்கத்துக் கோப்பிக்கடையில் கேட்டுவரச் சொன்னேன். அஸ்மான் ஒரு ஐஸ் கோப்பியோடு திரும்பி வந்தான். "இல்லையாம் அக்கா. ஐஸ் எல்லாம் கட்டி கட்டியா இருக்கு" என்று உறிஞ்சிக் காட்டினான்.

கீழே இறங்கி விஷயத்தைச் சொன்னதும் முதலாளி கடை நடுவில் நின்று கத்தினார்.

"யாரு கைய வச்சா? சொல்லுங்க, யாரு சுவிட்ச்சத் தொட்டா?"

யாரும் தொடவில்லை. கடைப் பெண்கள் ஒவ்வொருவராகச் சத்தியம் செய்தார்கள். முதலாளியின் மனைவி லலிதாம்மா சாமிப்படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பி, "நான் அந்த ஏணிப் பக்கமே போகலம்மா, சாமி சத்தியமா" என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "யார் தொட்டது?" என்று கேட்டால் உலகத்தில் ஒருவரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். அது போலீஸ்காரர் கேட்கிற கேள்வி. நாம் வேறு மாதிரி கேட்க வேண்டும். நான் லலிதாம்மா பக்கத்தில் போய், பூச்சரத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "கடைய எப்படிம்மா சாத்துவீங்க ராத்திரியில?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"எல்லாரையும் அனுப்பிட்டு கடைசியா நான்தாம்மா சாத்துவேன். மொதல்ல கற்பூரம் ஏத்துவேன். கடைய ஒரு சுத்து சுத்தி, கல்லாவுக்குக் காட்டி, வாசலுக்குக் காட்டி, நல்லா அணைஞ்சிருச்சான்னு பாத்துட்டு, அப்புறம் மெயின் சுவிட்ச்ச கீழ இழுத்து விட்டுட்டு ஷட்டர இறக்கிடுவேன். எத்தன வருஷமா பண்றேன், ஒரு நாளு தவறினது இல்ல. காலையில வந்ததும் மெயினப் போட்டுட்டுத்தான் விளக்கே ஏத்துவேன்."

முதலாளி சேலைக்கட்டு ஒன்றின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மெயினயே அடைச்சிட்டியா?"

"தினமும் அடைக்கிறதுதானே?"

"தொடக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல!"

"யாருகிட்ட சொன்னாங்க? கடப் புள்ளைங்ககிட்ட சொன்னீங்க. தேத்தண்ணி கொண்டாந்தவர்கிட்டகூட சொன்னீங்க. எங்கிட்ட சொன்னீங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார், அஸ்மானைப் பார்த்தார், கடைசியில் சாமிப்படத்தைப் பார்த்தார். மனைவிக்கும் மெஷினுக்கும் சம்பந்தமில்லை என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

வாசலில் உறுமி முழங்க ஆரம்பித்தது. முதலாளி என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கெஞ்சினார்.

"ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திடுங்க. டத்தோ பட்டன அமுக்குற நேரத்துக்கு மட்டும்."

"உடையறதுக்கு ஒரு நிமிஷம் எதுக்கு முதலாளி, கண்ண மூடித் தொறக்கற நேரம் போதும்."

அவர் ஜோகூர் பாருவில் இருந்த என் மேனேஜருக்கு ஃபோன் போட்டுவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "கோமதி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு லா. டத்தோ எல்லாம் வர்றாரு" என்றார்.

"சரி பாஸ். நீங்களே வந்து ஸ்டார்ட் பண்ணுங்க. உடையும்போது நான் வீடியோ எடுத்து வச்சிக்கிறேன்" என்றேன். அவர் இருந்த இடத்தில் திடீரென்று சிக்னல் கெட்டுப்போய்விட்டது.

முதலில் கூரைக்குப் போய் கம்ப்ரஸருக்கு மட்டும் போகிற பிரேக்கர் சுவிட்சை இறக்கி, அதில் என் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். நெருக்கடி நேரத்தில் நம் மனவுறுதியை நம்பக் கூடாது, பூட்டைத்தான் நம்ப வேண்டும். பத்துப் பேர் சுற்றி நின்று கெஞ்சினால் நானும் இளகிவிடுகிற ஆள்தான். சாவி எடுத்து, ஏணி ஏறி, பூட்டைத் திறக்கிற நேரத்துக்குள் புத்தி திரும்பி வந்துவிடும்.

பிறகுதான் நிதானமாக யோசித்தேன். ஓடக் கூடாதது கம்ப்ரஸர் மட்டும்தானே? கடைக்குள் காற்றைத் தள்ளுகிற பெரிய ஃபேனுக்கு ஒரு குறையும் இல்லை. அது சுற்றுகிற திசையை முதல் நாளே பார்த்திருந்தேன். வெளிக்காற்றை உள்ளே விடுகிற தடுப்புப் பலகை ஒன்றும் யூனிட்டில் இருக்கிறது. இரவு பெய்த மழையில் வெளியே காற்று இதமாகத்தான் இருந்தது. அஸ்மானை விட்டுப் பலகையை முழுக்கத் திறக்கச் சொன்னேன்.

முதலாளியிடம் வந்து, "டத்தோ பட்டன அமுக்கட்டும். காத்து வரும், குளிரு வராது. பொய் சொல்ல மட்டும் என்னக் கூப்பிடாதீங்க. அவரு கேட்டா உள்ளதச் சொல்லுவேன். கேக்கலன்னா வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன். அவர் வாசலைப் பார்த்து வேகமாகப் போனார்.

டத்தோ கோட்டு சூட்டோடு வந்தார். ரிப்பன் வெட்டினார். பொத்தானை அழுத்தினார். கூரையில் ஃபேன் உறுமி, சீலிங்கில் இருந்த துவாரங்கள் வழியாக மழைக்காற்று புஸ்ஸென்று இறங்கியது. தொங்கவிட்டிருந்த சேலைகள் ஆடின. கூட்டம் கை தட்டியது.

"ஆகா, குளுகுளுன்னு இருக்கு!" என்றார் ஒருவர். பின்வரிசையில் நின்ற ஒரு பெண்மணி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். டத்தோ இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொண்டு முதலாளியிடம் சொன்னார்.

"ரொம்ப குளிருது முதலாளி. என்ன மாதிரி வயசானவங்களும் வருவாங்கல்ல. கொஞ்சம் கொறச்சி வைங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது. நான் பின்கட்டுக்குப் போனேன். அங்கே ஒரு நாற்காலி இருந்தது. சற்று உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"ஹா, இப்ப கரெக்டா இருக்கு" என்றார் டத்தோ.

அஸ்மான் என் காதோரம் வந்து, "அக்கா, இனிமே நமக்குக் கம்ப்ரஸரே வேணாம். கடைக்கு ஒரு டத்தோ இருந்தா போதும்" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு சேலை மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. விற்பனைப் பெண் ஓடிவந்து, "அந்தக் கலர் ஒங்களுக்கு நல்லா இருக்குங்க" என்றாள்.

டத்தோ போனார். அவருக்குப் பின்னாலேயே மழை மேகமும் போய்விட்டது. மதியத்துக்குள் வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து சேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. வாங்க வந்தவர்கள் சேலை அட்டைப்பெட்டிகளை விசிறியாக்கிக்கொண்டார்கள். சிலர் விலை கேட்பதற்குள்ளேயே வெளியேறினார்கள். முதலாளி பக்கத்துக் கடைகளில் ஸ்டாண்ட் ஃபேன்களை இரவல் வாங்கி வந்து நிறுத்திவிட்டு, தாங்க முடியாமல் கூரைக்கே ஏறி வந்துவிட்டார். நல்ல நாளுக்கென்று வாங்கிய புதுச் செருப்போடு.

"கஸ்டமர் எல்லாம் போறாங்கம்மா. இப்ப ஹீட்டர் ஓடிக்கிட்டுதானே இருக்கு? லேசா சூடாயிருக்கும்ல?"

அவர் கையைப் பிடித்துக் கம்ப்ரஸர்மேல் வைத்தேன். வெதுவெதுப்புதான் வந்திருந்தது, சூடு வரவில்லை.

"இது ஒடஞ்சா புதுசு கப்பல்ல வரணும் முதலாளி. தீபாவளி முடிஞ்சி பொங்கலுக்கு வரும். இன்னிக்கு ஒரு நாளு வியாபாரமா, இந்தத் தீபாவளி வியாபாரமா? நீங்களே சொல்லுங்க."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடன்காரனுக்கு வெயில் வேறு அடித்தால் என்ன செய்வான்? பிறகு, "நாளைக்கு ஓடிடும்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஏணியில் இறங்கினார். நாளைக்கு ஓடும் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அது என் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை. கடை சாத்துகிறவர் கையில் இருந்தது.

கீழே போனபோது லலிதாம்மாவே என்னைத் தேடி வந்தார். காலையில் இருந்த துடுக்கு முகத்தில் இல்லை.

"இன்னிக்கி ராத்திரி மெயின அடைக்கக் கூடாது. அதானே? ஒரு நாளுதானே?"

"இல்லம்மா. தினமும். அந்த ஹீட்டர் எப்பவுமே சூடா இருக்கணும்."

அவர் அங்கேயே, அளந்து போட்ட ரவிக்கைத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒனக்குத் தெரியாதும்மா. கட சின்னதா இருந்தப்ப பக்கத்துக் கடையும் துணிக்கடதான். சாமிப்படத்துக்கு கலர் பல்பு சரம் போட்டுட்டு, அடைக்காம வீட்டுக்குப் போயிட்டாங்க. நாங்க ஓடியாந்து பாக்கறப்ப ரோடே வெளிச்சமா இருக்கு. எங்க கட சுவரு தாங்கிடிச்சி. காலையில அந்தக்கா சாம்பலக் கெளறிக்கிட்டு நிக்கறாங்க. துணி எல்லாம் போயி ஜரிக மட்டும் உருண்ட உருண்டையா கெடக்குது. அத மடியில அள்ளி வச்சிக்கிட்டு அழக்கூட இல்ல. நான் என்னன்னு போயி ஆறுதல் சொல்றது?"

எனக்கு அதற்கு மேல் கிண்டல் வரவில்லை. காலையிலிருந்து அவரை ஒரு வேடிக்கையான அம்மாவாகத்தான் நினைத்திருந்தேன். அதற்காக வெட்கப்பட்டேன். அவர் தினமும் சுவிட்சை இழுத்துவிடும்போது, அந்த அக்காவின் மடியில் கிடந்த ஜரிகைதான் கண்முன் நின்றிருக்கும்.

"ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு சத்தியம் பண்ணிக் கொடு" என்று கையை நீட்டினார்.

"பண்ண மாட்டேம்மா."

அவர் திகைத்துப்போனார். தம்பிகளே, தங்கைகளே, வாடிக்கையாளருக்கு "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். நமக்கு அது தெரியாது. நாம் எதையெதைப் பார்த்தோம் என்பதுதான் நமக்குத் தெரியும். அதை மட்டும் காட்டுங்கள். நான் அவரைச் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் கூட்டிப்போனேன். அஸ்மான் கரண்டை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து, மெயினிலிருந்து நம் யூனிட்டுக்குப் போகிற கம்பிகள் எவை என்று காட்டி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அவர் கண்ணெதிரே இன்னொரு முறை இறுக்கினான். மறுபடி மூடிக் கரண்ட் கொடுத்ததும், கரண்ட் கசிந்தால் தானாகவே விழுந்துவிடுகிற சுவிட்சைக் காட்டினேன். அதில் சோதித்துப் பார்க்க ஒரு சின்னப் பொத்தான் உண்டு.

"நீங்களே அமுக்கிப் பாருங்கம்மா."

அமுக்கினார். டக். கடை விளக்கெல்லாம் அணைந்தன. உடைமாற்றும் அறைக்குள்ளிருந்து, "அலமாக்!" என்று யாரோ அலறினார்கள்.

"விழுந்திருச்சே!" என்றார் லலிதாம்மா. தூக்கிவிட்டேன். "இன்னொரு வாட்டி." டக். மறுபடி அலறல். "இன்னும் ஒரே ஒரு வாட்டிம்மா." முதலாளி கல்லாவிலிருந்து, "என்ன நடக்குது அங்க?" என்று சத்தம் போட்டார். "கரண்டு ஒழுங்கா விழுதான்னு பாக்கறேன், சும்மா இருங்க!" என்று இவர் அதைவிடச் சத்தமாகச் சொன்னார். உடைமாற்றும் அறையில் இருந்த பெண் ரவிக்கையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மெயினை மேலேயே விட்டுவிடுவது. அதற்குக் கீழே வரிசையாக இருக்கிற சின்ன சுவிட்சுகளில் விளக்கு, பிளக், சாமிப்பட விளக்கு என்று எல்லாவற்றையும் லலிதாம்மா தன் கையாலேயே அடைப்பது. கூரை யூனிட்டுக்குப் போகிற ஒன்று மட்டும் மேலேயே நிற்கும். அதற்குப் பக்கத்தில் அவரே ஒரு குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டார், இருட்டில் தடுமாறாமல் இருக்க.

அன்று கடை சாத்தும்வரை நாங்கள் இருந்தோம். கற்பூரம் ஏற்றினார். பல்பு சரத்துக்குப் பயந்த அந்த அம்மா, எரிகிற தட்டைத் தூக்கிக்கொண்டு பட்டுக்கட்டுகளுக்கு நடுவில் நிதானமாக நடந்து வந்ததைப் பார்த்து அஸ்மான் வாயைத் திறந்தான். "மூடு" என்றேன். மூடிக்கொண்டான். சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். பொட்டு வைத்தது மட்டும் மேலேயே நின்றது. ஷட்டரைப் பாதி இறக்கியவர், மறுபடி உள்ளே போனார். வந்தார். மறுபடி போனார். கடைசியில் புருஷனைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க உள்ளயே படுத்துக்குங்க."

"நானா?"

"மெஷினு வேணும்னு கேட்டது யாரு?"

காலையில் ஷட்டரைத் தூக்கியபோது, சுவிட்ச் போர்டுக்கு எதிரே சேலைக்கட்டுகளின்மேல் தங்கராஜு முதலாளி மல்லாந்து கிடந்தார். ஒரு பக்கம் இரண்டு வாளி மணல், இன்னொரு பக்கம் நனைத்த சாக்கு, மார்பின்மேல் டார்ச் லைட். எழுந்தவரால் நிமிர முடியவில்லை.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. என் இடுப்புதான் போச்சி" என்றார்.

கூரைக்கு ஏறினேன். எனக்குப் பின்னால் ஏணி கிறீச்சிட்டது. திரும்பினால் லலிதாம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி வருகிறார், அஸ்மான் கீழே ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு அல்லாவைக் கூப்பிடுகிறான். வந்தவர், "எங்க, காட்டு" என்றார். யூனிட் கதவைத் திறந்து, கம்பிகள் பக்கம் போகாமல் அவர் கையைக் கொண்டுபோய் அடிவயிற்றில் வைத்தேன். நெற்றியில் வைத்துப் பார்க்கிற மாதிரி புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"அய்யய்யோ, நல்லா காய்ச்சல் அடிக்குதே கோமதி!"

"இந்தக் காய்ச்சல்தாம்மா வேணும்."

அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றி என் பூட்டைத் திறந்தேன். மேளம் இல்லை, டத்தோ இல்லை. பிரேக்கரைத் தூக்கிவிட்டேன். கம்ப்ரஸர் ஒரு முறை குலுங்கி, பிறகு ஒரே சீராக முனகத் தொடங்கியது. அழுத்தமும் கரண்டும் வர வேண்டிய இடத்துக்கு வந்து நின்றன. நான் மூச்சு விட்டேன். லலிதாம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கீழே நிஜமான குளிர் இறங்கியது. கடைப் பெண் ஒருத்தி வேலையை மறந்து காற்றுத் துவாரத்துக்கு நேர் கீழே முகத்தை நிமிர்த்தி நின்றாள். திறப்பு விழாவுக்கு வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் மறுபடி வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு முதலாளியிடம், "நேத்து டத்தோ வந்தப்ப இதவிடக் குளுகுளுன்னு இருந்திச்சே" என்றார். முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க" என்றார்.

அத்தோடு ஜோகூர் பாருவுக்குக் கிளம்பியிருக்கலாம். மெஷின் ஓடினால் வேலை முடிந்தது என்றுதான் கையெழுத்து வாங்குவார்கள். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ராத்திரி மனிதரைக் காவல் வைத்துச் சமாளித்துவிடலாம். தீபாவளிவரை, அதற்குப் பிறகும் தினமும் அந்தப் பொட்டு வைத்த சுவிட்ச் மேலேயே நிற்குமா? நிற்காவிட்டால் ஒரு மழைநாள் காலையில் யாரோ பொத்தானை அழுத்துவார்கள், கம்ப்ரஸர் போய்விடும். அஸ்மானும் ஆளுக்கொரு ஐஸ் கோப்பி வாங்கிவந்து உட்கார்ந்துகொண்டான். அன்றிரவு கடை சாத்துவதை எதிர்ப்பக்கத்துக் கோப்பிக்கடையிலிருந்தே பார்த்தோம்.

கடைப் பெண்கள் போனார்கள். கற்பூர வெளிச்சம் கண்ணாடிக்குள் ஒரு சுற்று வந்து அணைந்தது. விளக்குகள் ஒவ்வொரு பகுதியாக அணைந்தன. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மா போர்டுக்கு முன்னால் நிற்கிறார் என்று தெரிந்தது. இருட்டில் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நான் கோப்பியைத் தொடவில்லை.

முதலாளி வாசலில் காத்திருந்தார். அக்குளில் ஒரு தலையணை, கையில் சுருட்டிய பாய். மதியமே வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருக்கிறார் போலும்.

லலிதாம்மா வெளியே வந்து ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டினார். கூரையில், யூனிட்டுக்குக் கரண்ட் இருப்பதைக் காட்டுகிற சிறு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இரும்புக் கதவில் உள்ளங்கையைப் பதித்து, சூடு தெரிகிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, புருஷன் கையிலிருந்த பாயைப் பார்த்தார்.

"அது எதுக்கு? வாங்க, வீட்டுக்குப் போலாம்."